கழுத்து, தோள்பட்டை வலிக்கு பிசியோதெரபி போகிறீர்களா? ஜெராக்ஸ் தாளை வாங்கிக்கொண்டு வராதீர்கள்

எனக்கு வலது தோள்பட்டை. மனைவிக்குக் கழுத்தில் தொடங்கிக் கட்டைவிரல் வரை இழுக்கும் வலி. இருவரும் ஒரே வாரத்தில், வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனோம். இருவருக்கும் பத்து நாள் கரண்ட் சிகிச்சை (பேட் ஒட்டி லேசாக மின்சாரம் பாய்ச்சுவது), பத்து நாள் கழுத்து இழுவை, வீட்டில் செய்ய ஆளுக்கொரு பயிற்சித் தாள். வீட்டுக்கு வந்து இரண்டு தாள்களையும் மேசையில் விரித்துப் பார்த்தால் ஒரே ஜெராக்ஸ்! எனக்குக் கழுத்தில் வலியே கிடையாது. ஆனாலும் பத்து நாள் கழுத்தை இழுத்துவிட்டார்கள். சிட்டிங்குக்கு 400 ரூபாய், இரண்டு பேருக்குப் பத்து நாள், மொத்தம் 8,000. வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

பிறகு வேறொரு பிசியோதெரபிஸ்டிடம் போனபோதுதான் எங்கள் இருவருக்கும் இருப்பது வேறு வேறு பிரச்சினை, சிகிச்சையும் வேறாகத்தான் இருக்க வேண்டும் என்று தெரிந்தது. எனக்கு 54 வயது, சர்க்கரை உண்டு, பள்ளியில் கணக்கு வாத்தியார். மனைவிக்கு 47, வீட்டில் ஜாக்கெட் தைக்கிறார். நாங்கள் பட்டதை வைத்து, முதல்முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. எங்கே என்ன கேட்க வேண்டும், எதை எடுத்துப் போக வேண்டும் என்பதுதான் இதில் இருக்கும்.

1. பிசியோவிடம் போகும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள் யார்?

கழுத்து, தோள் வலிக்குப் பெரும்பாலும் நேராக பிசியோதெரபிஸ்டிடமே போகலாம். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் டாக்டர்தான்:

- சட்டைப் பொத்தான் போட, சில்லறை எண்ண விரல்கள் தடுமாறுவது, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் அடக்க முடியாமல் போவது. இவை தண்டுவடம் நெரிபடுவதன் அறிகுறியாக இருக்கலாம். தள்ளிப்போடக் கூடாது.
- கீழே விழுந்தோ வண்டியில் அடிபட்டோ வந்த வலி.
- வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, அல்லது முன்பு புற்றுநோய் வந்திருப்பது.
- தோள் அல்லது கை வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல். இதற்கு பிசியோவும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

சாப்பிட்ட பிறகு மட்டும் வலது தோளில் வந்து போகும் வலி பித்தப்பையிலிருந்தும் வரலாம். எங்கள் தெருவிலேயே ஒருவர் ஆறு மாதம் தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டுக் கடைசியில் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்டார்.

முடிவெட்டும் இடத்தில் 'நெட்டி எடுக்கிறேன்' என்று கழுத்தைத் திருப்பிச் சொடுக்குவார்களே, அதை அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். கழுத்தெலும்புக்குள் ஓடும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அபூர்வம்தான், ஆனால் பத்து ரூபாய் டிப்ஸுக்கு எடுக்க வேண்டிய ரிஸ்க் இல்லை.

2. மூன்று நாள் நோட்டு எழுதுங்கள்

"எங்க வலிக்குது?" என்றால் நாம் கையை வைத்து ஒரு பக்கத்தையே தடவிக் காட்டுவோம். அதை வைத்து எதையும் பிரிக்க முடியாது. மூன்று நாள் மட்டும் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: வலி எந்த நேரத்தில் அதிகம், எந்த அசைவில் சுருக்கென்கிறது, கூடினால் அடங்க எவ்வளவு நேரமாகிறது, கையில் மதமதப்பு இருந்தால் எந்த விரலில்.

இந்த விரல் விஷயம் முக்கியம். கழுத்து நரம்புகள் ஒவ்வொன்றும் கையில் ஒவ்வொரு இடத்துக்குப் போகின்றன. கட்டைவிரல் பக்கம் மரத்தால் ஆறாவது நரம்பு, நடுவிரல் என்றால் ஏழாவது, சுண்டுவிரல் என்றால் எட்டாவது என்று பொதுவாகச் சந்தேகிப்பார்கள். "கை மரக்குது" என்று மட்டும் சொன்னால் இது கிடைக்காது.

அடுத்து, வலியால் செய்ய முடியாத மூன்று வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். சுத்தமாக முடியாது என்றால் 0, பழையபடி முடிகிறது என்றால் 10. என் பட்டியல்: கரும்பலகையின் மேல் வரியில் எழுதுவது 1, பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸ் எடுப்பது 2, சட்டை மாட்டுவது 4. மனைவியின் பட்டியல்: அரை மணி நேரம் தொடர்ந்து தைப்பது 2, குடம் தூக்குவது 3, வலப்பக்கம் படுத்துத் தூங்குவது 3. கணக்கு வாத்தியாரின் கிறுக்கு என்று நினைக்க வேண்டாம். உலகமெங்கும் பிசியோதெரபிஸ்டுகள் இப்படி ஓர் அளவுகோலை வைத்திருக்கிறார்கள். எங்கள் இரண்டு பட்டியலிலும் பொதுவான வேலை ஒன்றுகூட இல்லை, கவனியுங்கள். ஒரே தாள் இருவருக்கும் எப்படிப் பொருந்தும்?

3. எடுத்துப் போக வேண்டிய பேப்பர்கள்

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் போதும். பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் இருந்தால் ஃபிலிமும் ரிப்போர்ட்டும். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு. ஆபரேஷன் ஆகியிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி. சர்க்கரை இருந்தால் கடைசி எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) ரிப்போர்ட். சர்க்கரைக்காரர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம் என்பதால் இதை அவசியம் கேட்பார்கள். முதல் கிளினிக்கில் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களாக வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை: இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் கரண்ட் சிகிச்சை கூடாது. உடம்பில் பிளேட், ஸ்குரூ இருந்தாலும் கர்ப்பமாக இருந்தாலும் டயதெர்மி என்னும் சூட்டு மெஷின் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அழுத்தி மசாஜ் செய்தாலோ ஊசி குத்தினாலோ ரத்தம் கட்டிக்கொள்ளும். சர்க்கரையால் தோலில் உணர்ச்சி குறைந்திருந்தால் ஒத்தடப் பையின் சூடு தெரியாமல் கொப்பளித்துவிடும்.

எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டுத்தான் போக வேண்டுமா? வேண்டாம். எங்கள் ஊரில் தனியார் சென்டர்களில் கழுத்துக்கு 5,500-லிருந்து 8,000 வரை கேட்டார்கள். ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்' (எலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல இருக்கும் தட்டு பிதுங்கியிருப்பது) என்று வந்தால் நமக்குத் தூக்கம் போய்விடும். ஆனால் ஜப்பானில் வலியே இல்லாத 1,211 பேருக்குக் கழுத்து ஸ்கேன் எடுத்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகாது. கையில் பலம் குறைந்துகொண்டே போனால், அல்லது ஆறேழு வாரச் சிகிச்சைக்குப் பிறகும் வலி குறையாமல் நின்றால், டாக்டர் சொன்னால் எடுங்கள். தோள் இறுகியிருந்தால் ஒரு சாதாரண எக்ஸ்ரே மட்டும் தேவைப்படலாம். மூட்டுத் தேய்மானம் இல்லை என்று உறுதி செய்துகொள்ள அது.

4. முதல் நாளில் மெஷின் வந்தால் உஷாராகுங்கள்

முதல் கிளினிக்கில் நடந்தது இவ்வளவுதான்: "எந்தப் பக்கம் சார்?" "வலது." "சரி, படுங்க." இரண்டு நிமிடத்தில் தோளில் பேட் ஒட்டியாகிவிட்டது.

இரண்டாவது இடத்தில் அந்த மேடம் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார், மெஷின் பக்கமே போகவில்லை. என்னை நிற்கவைத்து, முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கச் சொல்லி, முன்கையைக் கதவு திறப்பதுபோல் வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். இடது கை 70 டிகிரி போனது, வலது கை 15-இல் நின்றது. "இப்ப நீங்க கையை லூஸா விடுங்க, நான் திருப்புறேன்" என்று அவரே திருப்பிப் பார்த்தார். அப்போதும் 15. இந்த இரண்டாவது சோதனையில்தான் சூட்சுமம். நானாகத் திருப்பும்போது மட்டும் நின்று, அவர் திருப்பும்போது போயிருந்தால், கோளாறு தசைநாரில் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டிலும் ஒரே இடத்தில் நின்றதால் மூட்டைச் சுற்றியுள்ள உறையே இறுகிவிட்டது, அதாவது ஃப்ரோசன் ஷோல்டர்.

மனைவிக்கு வேறு சோதனைகள். கழுத்தைப் பின்னால் சாய்த்து வலப்பக்கம் வளைத்து, தலையை மெல்ல அழுத்தினார். வலி கட்டைவிரலுக்கு ஓடியது. "கையைத் தூக்கித் தலைமேல வச்சுக்கங்க" என்றார், வலி குறைந்தது. பிறகு முழங்கை, மணிக்கட்டின் பலம், சுத்தியல் தட்டி ரிஃப்ளெக்ஸ், தோலில் உணர்ச்சி. கழுத்து நரம்பு வேர் உரசுகிறது என்றார். தைக்கும்போது நடுவில் கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு உட்காருவது மனைவியின் பழக்கம். சோம்பல் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

கழுத்து வலிக்காரர்களுக்குப் பத்துக் கேள்விகள், 50 மதிப்பெண் கொண்ட ஒரு படிவமும் உண்டு. மனைவிக்கு வண்டி ஓட்டத் தெரியாததால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு 45-க்குக் கணக்கிட்டார். 45-க்கு 20 வந்தது. இதில் மதிப்பெண் கூடினால் தொல்லை கூடுதல் என்று பொருள்.

ஆகவே முதல் நாளில் நீங்கள் பார்க்க வேண்டியது: சட்டையைக் கழற்றி (பெண்கள் என்றால் தோள் தெரியும் உடையில், திரை போட்டு) இரு பக்கத்தையும் ஒப்பிட்டார்களா, கோணத்தை அளந்தார்களா, அளந்ததை எழுதினார்களா. எழுதாத அளவை நாலாவது வாரம் எதோடு ஒப்பிடுவீர்கள்?

படிப்பையும் தயங்காமல் கேளுங்கள். பி.பி.டி. என்னும் பிசியோதெரபி பட்டம், நாங்கள் பார்த்தவர்கள் படித்தபோது, இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து நாலரை வருடப் படிப்பு. ஆறு மாத சர்ட்டிஃபிகேட் வாங்கிக்கொண்டு போர்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள்.

5. உங்கள் வலிக்கு எந்தச் சிகிச்சை?

இதை நீங்களே முடிவு செய்ய வேண்டாம். ஆனால் சொல்லப்பட்ட காரணத்துக்கும் செய்யப்படும் சிகிச்சைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்க்க இந்த அளவு தெரிந்திருப்பது நல்லது.

ஃப்ரோசன் ஷோல்டர். முதலில் வலிக்கும் காலம், பிறகு இறுகும் காலம், அப்புறம் மெல்ல இளகும் காலம். மொத்தத்தில் ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம். இங்கே நடக்கும் பெரிய தப்பு, வலிக்கும் காலத்திலேயே கையைப் பிடித்து வலுக்கட்டாயமாகத் தூக்குவது. கத்தினால் "பல்லைக் கடிச்சுக்கங்க சார்" என்பார்கள். அது வலியைக் கூட்டும். எனக்கு அந்தக் கட்டத்தில் கொடுத்தது குனிந்து நின்று கையை மணி நாக்குபோலத் தொங்கவிட்டு ஆட்டுவதும், படுத்துக்கொண்டு கைத்தடியால் முன்கையை வெளிப்பக்கம் தள்ளுவதும்தான், அதுவும் வலி தொடங்கும் இடம் வரை. எலும்பு டாக்டரிடமும் அனுப்பினார். அவர் மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார். சர்க்கரைக்காரர்கள் கவனிக்க: ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துக்கொண்டு, மாத்திரை பற்றி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இரவு வலி அடங்கிய பிறகுதான் அழுத்தமான நீட்டுப் பயிற்சிகள் வந்தன.

தோள் தசைநார் வலி. கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது நடுவழியில், ஏறக்குறைய 60 டிகிரிக்கும் 120-க்கும் இடையில், சுருக்கென்று பிடித்து அப்புறம் விட்டுவிடும். இதற்கு முழு ஓய்வு உதவாது. ரப்பர் பட்டையை இழுப்பது, சிறு எடை தூக்குவது என்று படிப்படியாகச் சுமை ஏற்ற வேண்டும். மூன்று மாதம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்து நரம்பு வலி. கைக்கு இறங்கும் வலியைப் பார்த்துப் பயப்படுவோம். பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே சில வாரங்களில், சில மாதங்களில் குறைகிறது. இழுவை இதில் சிலருக்கு உதவும். மனைவிக்கு மெஷினில் அல்லாமல் கையாலேயே மெல்ல இழுத்துப் பார்த்து, நிம்மதி கிடைத்ததால் தொடர்ந்தார்கள். தாடையை லேசாக உள்வாங்கித் தலையை அசைக்கும் பயிற்சி, தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் இழுக்கும் பயிற்சி, நரம்பை மெல்ல ஓடவிடும் கை அசைவு, இவ்வளவுதான். கழுத்துக் காலர் கொடுத்தால் எத்தனை நாள் என்று கேளுங்கள். மாதக்கணக்கில் போட்டால் கழுத்துத் தசை பலமிழக்கும்.

உட்கார்ந்த வேலையால் பிடரி இறுக்கம். கம்ப்யூட்டர், செல்போன், தையல், எல்லாம் இதில் வரும். மசாஜும் ஒத்தடமும் அன்றைக்குச் சுகம். நிலைத்த பலன் கழுத்துக்கும் தோளுக்கும் பலமேற்றும் பயிற்சியில்தான்.

கரண்ட் சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வலியைக் கொஞ்சம் தணித்துப் பயிற்சி செய்யவைக்க அது உதவலாம். அது மட்டுமே சிகிச்சையாக இருந்தால்தான் தகராறு.

6. பணமும் நேரமும்

இவை எங்கள் ஊரில் நான் கொடுத்தவை, பெருநகரங்களில் கூடும். முதல் நாள் பரிசோதனை 600, சிட்டிங் 400 முதல் 500, வீட்டுக்கு வந்தால் 700. எனக்கு நான்கு மாதத்தில் 16 சிட்டிங், மனைவிக்கு பத்து வாரத்தில் 9. முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு, பிறகு ஒன்று, பிறகு பதினைந்து நாளுக்கு ஒன்று. தினமும் வரச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

'பேக்கேஜ்' பொறி: 20 சிட்டிங்குக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். ஐந்தில் சரியானாலும், ஐந்தில் பலனில்லை என்று தெரிந்தாலும் மீதிப் பணம் பெரும்பாலும் திரும்பாது. மூன்று மூன்றாகக் கட்டுங்கள்.

செலவு செய்ய முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ள பிசியோதெரபி பிரிவுக்குப் போகலாம். சென்னையில் கே.கே. நகரில் இதற்கென்றே அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது. ஓ.பி. சீட்டு வாங்கி, முதலில் எலும்பு அல்லது புனர்வாழ்வு டாக்டரைப் பார்த்து, அவர் எழுதித்தந்த பிறகே பிசியோ அறைக்கு அனுப்புவார்கள். முதல் நாளுக்கு அரைநாள் லீவு போதாது, முழுநாள் போடுங்கள். காலை 7.30-க்கு வரிசையில் நிற்பது நல்லது. அங்கே கூட்டம் அதிகம், ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நேரம் குறைவு. இரண்டாம் படியில் சொன்ன நோட்டு அங்கேதான் இன்னும் அதிகமாக உதவும். நடமாட முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவதுண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அந்த மருத்துவமனையை மறக்க வேண்டாம்.

இன்சூரன்ஸை நம்பி இறங்காதீர்கள். சாதாரண மருத்துவக் காப்பீடு, படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். ஆபரேஷனுக்குப் பிந்தைய பிசியோ மட்டும், டாக்டர் எழுதிய சீட்டும் தேதியிட்ட ரசீதும் இருந்தால், பல பாலிசிகளில் குறிப்பிட்ட நாட்கள் வரை கிடைக்கும். பாலிசி எதுவானாலும் ரசீது வாங்கிவிடுங்கள்.

7. வீட்டுப் பயிற்சி: எத்தனை என்பதைவிட எப்போது என்று கேளுங்கள்

ஜெராக்ஸ் தாளில் 14 பயிற்சிகள் இருந்தன. நான் இரண்டு நாள் செய்தேன். மேடம் கொடுத்தது மூன்றே மூன்று. "உங்க நாள் எப்படிப் போகும், சொல்லுங்க" என்று கேட்டு, காலைக் குளியலில் வெந்நீர் ஊற்றியதும் ஒன்று, ஸ்டாஃப் ரூமில் மதிய இடைவேளையில் ஒன்று, படுக்கும் முன் ஒன்று என்று பொருத்திக் கொடுத்தார். செல்போனில் என்னையே செய்யவைத்து வீடியோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். யாரோ ஒருவர் செய்யும் யூடியூப் வீடியோவைவிட இது எவ்வளவோ மேல்.

வலிக்கும் ஒரு கணக்கு சொன்னார். பயிற்சியின்போது பத்துக்கு மூன்று, நான்கு வரை வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் அடுத்த நாள் பாதியாகக் குறைக்க வேண்டும். இந்த எல்லை ஆளுக்கு ஆள் மாறும், உங்களுக்கானதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை செய்யும் இடத்தின் போட்டோவையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். மனைவியின் தையல் மெஷின் படத்தைப் பார்த்ததும் மேசையின் பின்கால்கள் இரண்டுக்கும் அடியில் கட்டை வைத்து, மெஷினைத் தைப்பவர் பக்கம் லேசாகச் சாய்க்கச் சொன்னார். துணியைப் பார்க்கக் குனிய வேண்டிய அளவு குறைந்தது. ஒரு எல்.இ.டி. விளக்கு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்திருக்க செல்போன் அலாரம். மொத்தச் செலவு 350 ரூபாய். எனக்குப் பலகையின் மேல்பாதியை மாணவர்களுக்கு விட்டுக்கொடுக்கச் சொன்னார். நான்கு மாதம் தேற்றங்களின் தலைப்பையெல்லாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்தான் எழுதினார்கள், எழுத்துப் பிழைகளோடு.

8. ஆறாவது சிட்டிங்கில் கணக்குப் பாருங்கள்

பழைய நோட்டை எடுத்து அதே மூன்று வேலைகளுக்கு மறுபடி மதிப்பெண் போடுங்கள். மூன்றின் சராசரி 2 கூடினால், அல்லது ஒரே வேலைக்கு 3 கூடினால், உண்மையான மாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மனைவிக்கு ஆறாவது சிட்டிங்கிலேயே அது வந்துவிட்டது. பத்தாவது வாரத்தில் படிவத்தில் 45-க்கு 8. எனக்கு ஆறாவது சிட்டிங்கில் கோணம் 15-லிருந்து 25 ஆனதோடு சரி, மதிப்பெண்ணில் பெரிய மாற்றமில்லை. ஆனால் இரவு வலி போயிருந்தது. என் வியாதிக்கு அதுவே சரியான வேகம் என்று மேடம் சொல்லி, அப்போதுதான் பயிற்சிகளை மாற்றினார். இருவருக்கும் ஒரே கெடு வைத்திருந்தால் நான் ஏமாந்துபோய் நிறுத்தியிருப்பேன்.

எந்த எண்ணும் அசையவில்லை, சிகிச்சையும் முதல் நாள் கொடுத்ததேதான் என்றால், "எதை மாற்றப் போறீங்க?" என்று கேளுங்கள். பதில் 'இன்னும் பத்து சிட்டிங்' மட்டுமே என்றால், உங்கள் அளவுகள் எழுதிய தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு இடம் பாருங்கள். கைப்பலம் குறைந்துகொண்டே போனால் ஆறாவது சிட்டிங் வரைகூடக் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

சிகிச்சை முடிந்ததும் கடைசி அளவுகளையும் தொடர வேண்டிய பயிற்சிகளையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் தாளில் வலது 55 டிகிரி, பலகையில் எழுதுவது 7. இடது தோளின் அளவையும் குறித்துத் தந்திருக்கிறார், 70 டிகிரி. ஃப்ரோசன் ஷோல்டர் ஒரு பக்கம் வந்தவர்களுக்குச் சில வருடங்களில் மறுபக்கமும் வரலாம், சர்க்கரை இருந்தால் இன்னும் வாய்ப்பு உண்டு என்றார். அதனால் ஒவ்வொரு மாதமும் சம்பள நாளன்று முழங்கையை இடுப்போடு ஒட்டி, இடது கையை ஒருமுறை வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.